குறி இருக்கிறது, தோட்டா எங்கே?

பென்னாகரத்துப் படிப்பகத்தில் ஒரு மாலை. பெங்களூரில் கட்டட வேலை முடிந்து ஊர் திரும்பிய தோழர் ஒருவர், சுண்ணாம்புக் கறை போகாத கையில் பழைய பத்திரிகைத் துண்டு ஒன்றை வைத்துக்கொண்டு என்னை மடக்கினார்.

“தோழரே, ரயிலில் டிக்கெட் பார்க்கிற ஒருவர் ஒலிம்பிக்கில் துப்பாக்கி சுட்டு மெடல் வாங்கினாராமே! என் பையன் உண்டிவில் எடுத்தால் ஓணான் தப்பாதுங்க. அவனையும் அந்த வேலையில் விட்டால் என்ன செலவு ஆகும்? துப்பாக்கி என்ன விலை?”

துப்பாக்கி விலையைக் கேட்காதீர் தோழரே, தோட்டா விலையைக் கேளும் என்றேன். அவர் விழித்தார். பக்கத்தில் கேரம் ஆடிக்கொண்டிருந்தவர்களும் கையை நிறுத்திவிட்டுத் திரும்பினார்கள். அன்று அவர்களுக்குச் சொன்னதைத்தான் இன்று உங்களுக்கு எழுதுகிறேன்.

அவர் கையிலிருந்த துண்டில் இருந்த படம் ஸ்வப்னில் குசாலே என்பவருடையது. மராட்டிய மாநிலம், கோலாப்பூர் மாவட்டம், கம்பல்வாடி என்னும் சிற்றூர். தகப்பனார் பள்ளி ஆசிரியர். அரண்மனை இல்லை, ஆனைகட்டித் தாள் போட்ட பரம்பரை இல்லை! 2024ஆம் ஆண்டு ஆகஸ்டு 1ஆம் நாள், 50 மீட்டர் ரைபிள் மூன்று நிலைப் போட்டியில், முழந்தாளிட்டும் படுத்தும் நின்றும் சுட்டு, 451.4 புள்ளி பெற்று வெண்கலப் பதக்கத்தைக் கழுத்தில் ஏந்தினார். நாடே கை தட்டியது. தட்டட்டும். ஆனால் அந்தக் கைத்தட்டலுக்கு நடுவே ஒரு செய்தி வந்தது, கவனித்தீர்களா? மகன் பயிற்சிக்குத் தோட்டா வாங்குவதற்காகத் தகப்பனார் கடன் வாங்கினார் என்பது அந்தச் செய்தி. துப்பாக்கிக்கு அல்ல, தோழர்களே, தோட்டாவுக்கு! பெண் கல்யாணத்துக்குக் கடன், பிணம் எடுக்கக் கடன், விதை நெல்லுக்குக் கடன் என்று பட்டியல் போட்டுப் பழகிய நாட்டிலே, சுட்டவுடன் மண்ணில் புதைந்துபோகும் ஈயத்துக்கும் கடன்!

அந்த ஈயம் எப்படிப்பட்டது என்று கொஞ்சம் பார்ப்போம்.

‘பாயிண்ட் டூ டூ’ என்று சொல்வார்களே, பள்ளியிலே படைப்பயிற்சி பெற்ற பிள்ளைகளுக்குத் தெரியும். சுண்டுவிரல் பருமன்கூட இல்லாத பித்தளை உறை. அதன் வாயில் ஐந்தரை மில்லிமீட்டர் சொச்சம் குறுக்களவுள்ள ஈயக் குண்டு. குண்டின் எடை ஏறத்தாழ 2.6 கிராம். பெரிய தோட்டாவுக்கும் இதற்கும் ஒரு வேறுபாடு உண்டு. பெரிய தோட்டாவிலே தீப்பற்றும் மருந்து அடித்தட்டின் நடுவில் தனிச் சிமிழில் இருக்கும். இதிலே அப்படி இல்லை. அடியைச் சுற்றி ஓடுகிற மெல்லிய விளிம்பின் உட்குழியில், ஈரமான மருந்தை வைத்துச் சுழற்றிப் பரப்பியிருப்பார்கள். துப்பாக்கியின் ஊசி அந்த விளிம்பின் ஓரத்தில் ஓர் இடத்தைத்தான் தட்டும். தட்டிய இடத்தில் மருந்து அடர்ந்திருந்தால் தீ சீறும், மெலிந்திருந்தால் சோம்பும், இல்லாமலே போனால் ‘டிக்’ என்று ஒரு சத்தம், அவ்வளவுதான். தீப்பெட்டி ஒட்டுகிற வீட்டுப் பெண்களைக் கேளுங்கள், ஒரே சட்டத்தில் முக்கிய குச்சிகளிலும் ஒன்று மருந்து தடித்தும் ஒன்று மொட்டையாகவும் வரும் கதையைச் சொல்லுவார்கள். இதுவும் அந்தக் கதைதான்.

எனக்கே அந்த ‘டிக்’ தெரியும். பள்ளி நாளில் ஒரு முகாம். தார்ப்பாயில் குப்புறப் படுக்க வைத்து ஆளுக்கு ஐந்து தோட்டா எண்ணிக் கொடுத்தார்கள். ஆண்டு முழுவதும் காத்திருந்தது அந்த ஐந்துக்காகத்தான். மூன்று வெடித்தது. நான்காவது வெடிக்கவில்லை. “போனது போனதுதான், அடுத்ததைப் போடு” என்றார் பயிற்சி கொடுத்தவர். வேறு தோட்டா தருவதற்கு அவரிடமும் இல்லை, பாவம்! என்னைவிட நன்றாகச் சுட்ட ஒருவன் அன்று என்னைவிடக் குறைவாக எண் வாங்கினான். அவனுக்கு இரண்டு ‘டிக்’.

வெடிக்காத தோட்டாவாவது நாணயமானது. தான் கெட்டவன் என்று வெளிப்படையாகச் சொல்லிவிடுகிறது. வெடித்தும் கெடுக்கிற தோட்டாதான் கொடியது. கணக்குப் பாருங்கள். இந்தக் குண்டு குழலை விட்டு வினாடிக்கு 325 மீட்டர் போலப் பாயும்; ஒலியின் வேகத்துக்குச் சற்றுக் கீழே. ஒரு தோட்டா அதைவிட 10 மீட்டர் வேகம் குறைந்து புறப்பட்டது என்று வையுங்கள். 50 மீட்டர் தூரத்துப் பலகையிலே அது ஏறத்தாழ 7 மில்லிமீட்டர் கீழே விழும். ஏழு மில்லிமீட்டர்தானே என்கிறீர்களா? அந்தப் பலகையில் பத்துப் புள்ளி வட்டத்தின் குறுக்களவே 10.4 மில்லிமீட்டர்தான், உம் சட்டைப் பொத்தானைவிடச் சற்றுச் சிறியது! அதைச் சுற்றியுள்ள வளையம் ஒவ்வொன்றும் 8 மில்லிமீட்டர் அகலம். ஆகவே கை இம்மியும் அசையாமல், மூச்சை அடக்கி, இதயத் துடிப்புக்கு நடுவே விசையைத் தொட்டவனுக்கும், தோட்டா செய்தவன் அசட்டையாயிருந்தால், ஒரு வளையம் போய்விடும். வெளிநாடுகளிலே இதே சிறு குண்டை 200 மீட்டர், 300 மீட்டர், அதற்கும் அப்பால் வைத்த இரும்புத் தகட்டை நோக்கிச் சுடுகிற போட்டிகள் இன்று பெருகியிருக்கின்றன. 200 மீட்டரிலே அதே 10 மீட்டர் வேகக் குறைவு 10 சென்டிமீட்டருக்கு மேல் கீழே இழுத்துவிடும். தூரம் ஏற ஏற, சுடுகிறவனின் திறமைக்கும் தோட்டாவின் யோக்கியதைக்கும் உள்ள பங்கு மாறிக்கொண்டே போகிறது.

2012 இலண்டன் ஒலிம்பிக்கை எடுத்துக்கொள்ளுங்கள். 50 மீட்டர் படுத்துச் சுடும் போட்டி. பெலாரஸ் நாட்டு செர்கேய் மார்ட்டினோவ் தகுதிச் சுற்றில் 60 தோட்டா சுட்டார், அறுபதும் பத்து! நம் நாட்டு ஜாய்தீப் கர்மாகர் இறுதிவரை சென்று நான்காம் இடத்தில் நின்றார். வெண்கலத்துக்கும் அவருக்கும் இடைவெளி 1.9 புள்ளி. அது தோட்டாவின் குற்றம் என்று நான் சொல்லவில்லை, சொல்லவும் மாட்டேன். 70 தோட்டாவில் 1.9 புள்ளி என்றால் எவ்வளவு மெல்லிய மயிரிழையில் இந்த விளையாட்டு தொங்குகிறது என்று காட்டுகிறேன்.

அதனால்தான் மேனாட்டார் என்ன செய்கிறார்கள் தெரியுமா? இங்கிலாந்தில் ஈலி, ஜெர்மனியில் ஆர்.டபிள்யூ.எஸ்., பின்லாந்துப் பெயர் தாங்கி ஜெர்மனியில் தயாராகும் லாப்புவா. உலகப் போட்டிகளில் பெரும்பாலும் இந்தப் பெயர்கள்தான். ஒரே ஆலை, ஒரே எந்திரம், ஒரே மருந்து. ஆனாலும் இந்த வாரம் இறக்கிய தொகுதியும் அடுத்த வாரம் இறக்கிய தொகுதியும் ஒன்றாக இருப்பதில்லை. ஒரு தொகுதி உம் துப்பாக்கிக்கு உடன்பிறப்பு. என் துப்பாக்கிக்கு மாற்றாந்தாய் மகன்! ஆகவே சுடுநர் தன் துப்பாக்கியையே ஆலையின் சோதனைக் கூடத்துக்கு எடுத்துச் செல்கிறார். அதை இரும்புத் தாங்கியில் இறுக்கிக் கட்டி, தொகுதி தொகுதியாகச் சுட்டுப் பார்த்து, எந்தத் தொகுதியின் துளைகள் ஒன்றன்மேல் ஒன்று விழுகின்றனவோ அந்தத் தொகுதியிலேயே ஆண்டுக்கு வேண்டியதைப் பெட்டி பெட்டியாக வாங்கி வருகிறார். அதற்கு விமானச் சீட்டு வேண்டும், துப்பாக்கியைக் கொண்டுசெல்ல அனுமதி வேண்டும், மொத்தமாக வாங்கப் பணம் வேண்டும். அரூர்ப் பையன் எங்கே போவான்? மொரப்பூரில் ரயிலேறி எந்த ஜெர்மனியில் இறங்குவான்?

பெரிய தோட்டாவானால் வெற்றுறையைப் பொறுக்கி, மருந்தை நிறுத்து, தானே மறுபடி நிரப்பிக்கொள்ளும் வழக்கம் மேனாட்டுச் சுடுநரிடம் உண்டு. உழைப்பைப் போட்டுப் பணத்தை மிச்சப்படுத்தலாம். விளிம்பில் மருந்து பூசிய இந்தச் சின்னத் தோட்டாவை அப்படி மறுபடி நிரப்ப இயலாது. ஒரு முறை ஊசி தட்டி விளிம்பு நசுங்கினால் அது குப்பை. ஆகவே இந்த விளையாட்டிலே ஏழையின் உழைப்புக்கு மதிப்பே கிடையாது. கடைக்காரன் சொல்லும் விலைதான் விலை.

விலை! அதற்கு வருவோம். ரகத்துக்கு ரகம், ஆண்டுக்கு ஆண்டு விலை மாறுகிறது. கணக்குக்காக ஒரு நல்ல தோட்டா 20 ரூபாய் என்று மட்டும் வைத்துக்கொள்வோம். போட்டியில் 60 தோட்டா. அதற்கு முன் குழலைச் சூடேற்றிக் குறி சரி பார்க்கச் சில தோட்டா. அதை விடுங்கள், 60 மட்டும் என்றாலே 1,200 ரூபாய். 2025-26ஆம் ஆண்டுக்குத் தமிழ்நாட்டில் நூறு நாள் வேலைக்கு அறிவிக்கப்பட்ட நாட்கூலி 336 ரூபாய். ஏரிக்கரையில் வெயிலில் மண் வெட்டிய தாய் ஒருத்தியின் ஒரு நாள் கூலிக்குப் பதினாறு தோட்டா! அவள் நான்கு நாள் குனிந்து நிமிர்ந்தால் அவள் மகன் ஒரே ஒரு போட்டி சுடலாம். வீட்டில் அந்த நான்கு நாளும் அடுப்பு எரியக்கூடாது. பயிற்சி என்றால் ஒரு நாளைக்கு நூறு தோட்டா, ஆண்டுக்கு 200 நாள் என்று வையுங்கள். நான்கு இலட்ச ரூபாய். இந்தத் தொகையை எழுதும்போதே என் பேனா தயங்குகிறது.

இன்னொரு கணக்கும் இருக்கிறது. அது பதக்கக் கணக்கு. 2024 வரை ஒலிம்பிக் துப்பாக்கி சுடுதலில் இந்தியா வாங்கிய பதக்கம் மொத்தம் ஏழு. அபினவ் பிந்த்ரா, ககன் நாரங், மனு பாக்கர், மனுவும் சரப்ஜோத் சிங்கும் சேர்ந்து, ஆக நான்கு பதக்கம் காற்றுத் துப்பாக்கியில் வந்தவை. அதன் ரவை மலிவு, வெடிமருந்தே இல்லை. ஒன்று, இராஜ்யவர்தன் ராத்தோர் 2004இல் ஷாட் கன்னில் வாங்கிய வெள்ளி; அவர் அன்று இராணுவ அதிகாரி. இந்தச் சின்னத் தோட்டாவில் வந்தவை இரண்டே இரண்டு. 2012இல் 25 மீட்டர் வேகப் பிஸ்டலில் வெள்ளி வாங்கிய விஜய் குமார். அவர் அன்று இராணுவத்தில் சுபேதார். 2024இல் குசாலே, அவர் ரயில்வே ஊழியர். அதற்கும் முன்பே சிறு வயதில் மராட்டிய அரசின் கிரீடா பிரபோதினி என்னும் விளையாட்டுத் திட்டத்தில் சேர்த்துக்கொள்ளப்பட்டவர்.

புரிகிறதா தோழர்களே? ரவை மலிவாயிருந்த இடத்தில் நான்கு வந்தது. தோட்டா விலையேறிய இடத்தில், அரசாங்கத்தின் சம்பளப் பட்டியலில் பெயர் இருந்தவனுக்கு மட்டும் வந்தது. அரசாங்கம் கை கொடுத்தால் ஆசிரியர் மகனும் அகில உலகத்தை வெல்கிறான். கை கொடுக்காவிட்டால்? தகப்பன் கடன் பத்திரத்தில் கையெழுத்துப் போடுகிறான்.

இந்த விளையாட்டு சீமான்களின் வீட்டுத் திண்ணையில் பிறந்தது என்பது உண்மை. பிகானீர் மகாராஜா கர்ணிசிங் ஐந்து ஒலிம்பிக்கில் சுட்டார். 1962இல் கெய்ரோவில் உலகப் போட்டியில் வெள்ளி வாங்கினார். திறமைசாலி, மறுக்கவில்லை. ஆனால் அவர் பயிற்சிக்குத் தோட்டா எண்ணிப் பார்த்திருப்பாரா என்றுதான் கேட்கிறேன். மற்றவர்களுக்கோ? 1878இல் லிட்டன் என்ற வைசிராய் இரண்டு சட்டம் போட்டான். ஒன்று, தாய்மொழிப் பத்திரிகைகளின் வாயைக் கட்டியது. மற்றொன்று, உரிமம் இல்லாமல் இந்த நாட்டான் கையில் துப்பாக்கி இருக்கக்கூடாது, வெள்ளையனுக்கு அந்தத் தொல்லை இல்லை என்றது. பேனாவையும் துப்பாக்கியையும் ஒரே ஆண்டில் பிடுங்கியவன் புத்திசாலிதான்! பத்திரிகைச் சட்டம் சில ஆண்டில் செத்தது. ஆயுதச் சட்டம் வெள்ளையன் போன பிறகும் உயிரோடிருந்து, 1959இல் புதிய சட்டம் இயற்றப்பட்ட பிறகுதான் இடத்தைக் காலி செய்தது.

புதிய சட்டம் வந்தது. புதிய அரசியல் சட்டமும் இருக்கிறது. அதன் ஏழாவது அட்டவணையைப் புரட்டுங்கள். விளையாட்டு மாநிலப் பட்டியலில், 33ஆம் இனம். ஆயுதமும் தோட்டாவும் வெடிமருந்தும் ஒன்றியப் பட்டியலில், 5ஆம் இனம். பந்தயம் சென்னையின் பொறுப்பு, தோட்டா டில்லியின் பெட்டியில்! பிள்ளையைப் பெற்று வளர்ப்பது நாம்; பால் டப்பாவின் சாவி மட்டும் அங்கே! மாநில உரிமை பற்றி ஆராய 1969இல் அமைத்த இராசமன்னார் குழு 1971இல் அறிக்கை தந்ததே, அந்த வழக்கு பெரிய பெரிய துறைகளைப் பற்றியது மட்டும்தான் என்று நினைப்பவர்கள் இந்தச் சின்னத் தோட்டாவையும் கொஞ்சம் பார்க்கட்டும்.

டில்லியிடம் ஆலை இல்லையா என்றால், இருக்கிறது. புனேக்கு அருகே கட்கி தோட்டா ஆலை 1869இல் தொடங்கியது. ‘கே.எஃப்.’ என்று அடியில் முத்திரையிட்ட பாயிண்ட் டூ டூ தோட்டா அங்கே பிறந்ததுதான். நம் திருச்சியில் 1966 முதல் துப்பாக்கித் தொழிற்சாலை நடக்கிறது. 2021 அக்டோபரில் பழைய தொழிற்சாலை வாரியத்தைக் கலைத்து ஏழு கம்பெனிகளாகப் பிரித்தார்கள். கட்கி ஒரு கம்பெனியில், திருச்சி வேறொரு கம்பெனியில். பலகை மாறியது, உலகப் போட்டிக்குப் போகிற நம் சுடுநர் பெட்டியைத் திறந்தால் இன்றைக்கும் உள்ளே இருப்பது இங்கிலாந்தும் ஜெர்மனியும்தான். நிலாவில் கலம் இறக்கிய நாடு. அந்தக் கலத்தை ஏற்றிச் சென்ற ராக்கெட்டின் எஞ்சின்களைச் சோதிக்கும் கூடம் நம் மகேந்திரகிரியிலே இருக்கிறது. அவ்வளவு நுட்பம் தெரிந்தவர்களுக்கு, இரண்டரை கிராம் ஈயத்தை ஒரே வேகத்தில் ஐம்பது மீட்டர் அனுப்பத் தெரியாதா? தெரியும். அதைக் கேட்பதற்கு ஆள் இல்லை.

தருமபுரிக்காரனாகிய நான் இதை ஏன் இவ்வளவு எழுதுகிறேன்? நம் மலைப்பக்கத்து ஊர்களில் நாட்டுத் துப்பாக்கி எத்தனை தலைமுறைப் பழக்கம் என்று உங்களுக்குத் தெரியும். காட்டுப் பன்றி கடலைக் கொல்லையை உழுதுவிட்டுப் போகும் ஊர்கள் அவை. கருமருந்து எவ்வளவு, ஈயம் எவ்வளவு, மழைநாளில் எவ்வளவு என்று கைக்கணக்கிலேயே அறிந்த கிழவர்கள் அங்கே இருந்தார்கள். மேனாட்டான் தொகுதி தொகுதியாகச் சோதிக்கிறானே, அதே அறிவுதான்! உரிமம் இல்லாத அந்தத் துப்பாக்கிகளை ஒப்படைக்கச் சொல்லிக் காவல் துறையும் வனத்துறையும் ஊர் ஊராக வருகின்றன. ஒப்படைக்கத்தான் வேண்டும். அதிலே எனக்கு இரண்டாவது கருத்து இல்லை. ஆனால் கிழவனிடம் துப்பாக்கியை வாங்கிக்கொண்டு போகிற அரசாங்கம், பேரனுக்குச் சட்டப்படியான ஒரு சுடுதளத்தையும், எண்ணிக் கொடுக்கிற தோட்டாவையும் காட்டியதா? பறித்துக்கொள்ளத் தெரிந்த கைக்குக் கொடுக்கவும் தெரியவேண்டாமா?

இது தகடூர், தோழர்களே. அதியமான் ஆண்ட ஊர். அவன் தூதாக ஔவை தொண்டைமானிடம் போனாள். நெய் பூசி மாலை சூட்டிப் பளபளவென்று அடுக்கியிருந்த படைக்கலக் கொட்டிலைத் தொண்டைமான் பெருமையாகக் காட்ட, எங்கள் மன்னன் வேலெல்லாம் முனை முறிந்து கொல்லன் பட்டறையில் கிடக்கின்றன என்று அவள் சொன்ன குத்தல் புறநானூற்றில் இருக்கிறது. துப்பாக்கி மட்டும் வாங்கிக் கண்ணாடி அலமாரியில் வைத்துத் திறப்பு விழா நடத்துகிற சுடுதளம் தொண்டைமான் கொட்டில்தான். குழல் தேய்ந்து திருச்சிப் பட்டறைக்குத் திரும்பி வருகிற துப்பாக்கிதான் எனக்கு வேண்டும்.

“வயிற்றுக்குச் சோறில்லை, இவன் தோட்டா கேட்கிறான்” என்று ஒரு குரல் கேட்கிறது. 1920இல் நீதிக்கட்சியார் சென்னை மாநகராட்சியை நடத்தியபோது ஆயிரம் விளக்குப் பள்ளியில் பிள்ளைகளுக்கு மதிய உணவு போட்டார்கள். படிக்க வந்தவனுக்குச் சோறு எதற்கு என்று அன்று கேட்டவர்களின் பேரப்பிள்ளைகள்தான் இன்று சோறு தின்னவந்தவனுக்கு விளையாட்டு எதற்கு என்று கேட்கிறார்கள். இரண்டும் கேட்போம். “துப்பாக்கியைப் பரப்பப் பார்க்கிறாயா?” என்பது இன்னொரு குரல், அது நியாயமான அச்சம், அதற்குப் பதில் சொல்லக் கடமைப்பட்டிருக்கிறேன். தோட்டா பையனின் வீட்டுக்குப் போக வேண்டியதில்லை. சுடுதளத்தில் இரும்புப் பெட்டியில், இரட்டைச் சாவியில் இருக்கட்டும். நூறு எண்ணிக் கொடு, நூறு வெற்றுறை எண்ணி வாங்கு, பதிவேட்டில் எழுது. நியாய விலைக் கடையில் சர்க்கரை நிறுப்பதைவிட இது கடினமல்ல.

என் கோரிக்கை நீளமானதல்ல. மாநில அரசு தோட்டாவை மொத்தமாக வாங்கி, பெரிய தொகுதியாக, மாவட்டச் சுடுதளங்களுக்குப் பிரித்துத் தரவேண்டும். திருச்சியில், துப்பாக்கித் தொழிற்சாலை இருக்கிற ஊரிலேயே, 50 மீட்டர் சோதனைக் கூடம் ஒன்று கட்டவேண்டும். பையன் தன் துப்பாக்கியோடு பேருந்தில் போய்த் தனக்கேற்ற தொகுதியைத் தேர்ந்து வரட்டும், ஜெர்மனி வேண்டாம். காற்றுத் துப்பாக்கியில் தேறிய அரசுப் பள்ளிப் பிள்ளைக்குச் சின்னத் தோட்டா இலவசம். ஒன்றிய அரசு கட்கியில் ஒரு பிரிவைப் போட்டித் தோட்டாவுக்கென்று ஒதுக்கி, ஒவ்வொரு தொகுதியின் வேக வேறுபாட்டையும் பெட்டியின்மேலேயே அச்சிட வேண்டும். மோசமானால் மோசம் என்று தெரியட்டும். மறைத்து விற்பதுதான் குற்றம்.

படிப்பகத்துத் தோழரின் மகனை முதலில் பத்து மீட்டர் காற்றுத் துப்பாக்கியில் சேர்க்கச் சொல்லியிருக்கிறேன். ரவைச் செலவைப் படிப்பகத்துத் தோழர்கள் ஆளுக்குக் கொஞ்சமாக ஏற்றிருக்கிறார்கள். ஓணான்கள் பிழைத்தன! மேற்சொன்னவற்றைத் தீர்மானமாக எழுதி ஒன்றியச் செயலாளரிடம் கொடுத்தாயிற்று. அடுத்த கூட்டத்தில் படிக்கப்படும். திருத்தம் சொல்லுகிறவர்கள் எழுதிக்கொண்டு வாருங்கள்.